உள்ளே இடமிருக்கு

காலையில் குழாய் அறுபத்துநாலு கிலோ கூடுதலாகக் காட்டியது.

டீ டம்ளரோடு படியிறங்கி வந்தவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். படகின் அறைக்குள், படிக்கட்டை ஒட்டிய பலகையில், சாய்வாகப் பதித்த கண்ணாடிக் குழாய் அது. அதன் கீழ்முனை படகின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. வெளியே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ குழாய்க்குள்ளும் அதே மட்டத்தில் நிற்கும். படகில் பாரம் ஏறினால் படகு தாழும், குழாயில் தண்ணீர் ஏறும். கிலோக் கணக்கில் அதற்குக் கோடு போட்டு வைத்திருந்தார் அவள் கணவர். முப்பத்தோரு வருடம் லாரி எடைமேடையில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டை மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டு இந்த மோட்டார் படகை வாங்கியபோது, வேறு யாராக இருந்தாலும் முதலில் திரைச்சீலையை மாற்றியிருப்பார்கள். இவர் குழாய் பதித்தார்.

"கோடு ஏறியிருக்கு," என்றாள்.

"எவ்வளவு?" ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அறுபத்துநாலு."

"ராத்திரி அப்படி என்னத்தச் சாப்பிட்ட?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குழாயை விரலால் சுண்டினார். தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஏறவிட்டார். அறுபத்துநாலு. தரைப்பலகையைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தார். கசிவு இருந்தால் தெரியட்டும் என்று போன வாரம் விரித்த செய்தித்தாள் மொறுமொறுவென்று உலர்ந்து கிடந்தது.

"ஆத்துத் தண்ணி கலந்தா படகு கொஞ்சம் தாழும்," என்றார். வாளியை இறக்கிக் கடல்நீர் மொண்டு ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். "உப்பு."

எடையில் பிழை வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அது அவளுக்குத் தெரியும்.

இது நாற்பத்தோராம் நாள். ஆற்றின் வழியே இறங்கி, கடலோரமாகத் திரும்பி, மகள் இருக்கும் துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு நாள் ஓட்டம். மூன்று நாளாகப் பனிமூட்டம். காற்று அடியோடு நின்றுவிட்டது. படகின் முன்முனை ஸ்டியரிங்கிலிருந்து பார்த்தால் தெரியும், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத வெள்ளை. எஞ்சின் சத்தம்கூடத் தூரம் போகாமல் படகைச் சுற்றியே நின்றது. கரைப் பக்கம் முழுக்கப் பாறை என்பதால் ஒதுங்கவும் வழியில்லை.

முந்தின நாள் மத்தியானம் நடந்தது அவளுக்கு அப்போது நினைவு வந்தது. கப்பல் சங்கு கேட்டதுபோல் இருக்கிறது என்று அவர் எஞ்சினை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பயந்திருந்தார். பின்தளத்தில், குளிக்க இறக்கிவிட்ட ஏணிக்குப் பக்கத்தில், அவள் நின்றிருந்தாள். இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய குரலை எடுத்தாள்.

"ஏறுறவங்க ஏறிக்கோங்க. உள்ள காலியாத்தான் இருக்கு. படியில நிக்காதீங்க, முன்னாடி போங்க, முன்னாடி போங்க."

"கண்டக்டரம்மா, ரைட் குடு, கிளம்பலாம்," என்றார் அவர் முன்னாலிருந்து.

"ரைட், ரைட்."

அவ்வளவுதான். அவர் சிரித்தார், எஞ்சின் கிளம்பியது. கிளம்புவதற்கு முன் பின்தளம் அவள் காலடியில் ஒருமுறை லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. அலை என்று நினைத்தாள். கடலில் அன்று அலையே இல்லை என்பதை இப்போதுதான் யோசித்தாள். அவரிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்குக் குழாய் நூற்றுத்தொண்ணூறு காட்டியது. பன்னிரண்டு மணிக்கு இருநூற்றைம்பது.

அவள் அறையைத் துடைத்தாள். கைக்கு வேலை வேண்டியிருந்தது. கதவு திறந்தே இருந்தும் உள்ளே காற்று புழுங்கிக் கிடந்தது, ஈரத் துணியும் தலைமுடியும் வியர்வையும் கலந்த ஒரு நெடி மூலைகளிலிருந்து மெல்லக் கிளம்பி வந்தது, மெத்தையைத் தூக்கி மோந்தாள், அலமாரியைத் திறந்து மோந்தாள், தன் ரவிக்கைக் கையை மோந்தாள், எதிலும் அது இல்லை, ஆனால் அறையின் நடுவில் நின்றால் இருந்தது. ஜன்னல்கள் மங்கியிருந்தன. வெளிப்பனி என்று நினைத்து ஒரு விரலால் கோடு இழுத்தாள். விரல் நனைந்தது. ஈரம் உள்பக்கம்.

இரண்டு பேர் மூச்சுக்கு ஆறு ஜன்னல் மங்குமா?

துணியால் துடைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி மங்கிவிட்டது.

"பாரத்தக் குறைப்போம்," என்றார் அவர். குரலில் ஒரு தெளிவு வந்திருந்தது. செய்ய ஒரு வேலை கிடைத்த மனிதரின் குரல். உபரியாக வைத்திருந்த தண்ணீர்க் கேன்கள் எட்டு. எல்லாவற்றையும் கடலில் கவிழ்த்தார். நூற்றறுபது கிலோ. குழாய் தொண்ணூறுக்கு இறங்கியது. அவர் குழாயில் பென்சிலால் கோடிட்டு, நேரம் எழுதி, கைகளைத் தட்டிக்கொண்டார்.

"பாத்தியா?"

இருபது நிமிடத்தில் குழாய் முந்நூற்றுப்பத்து காட்டியது.

கருவிப் பெட்டி போனது. உதிரி பேட்டரி இரண்டு போயின. அடுப்பு, மேசை, மடக்கு நாற்காலிகள், மெத்தை. ரப்பர் படகை அதன் மோட்டாரோடு அவிழ்த்து விட்டார்கள். அது இரண்டு கஜம் போய்ப் பனியில் மறைந்தது. ஒவ்வொரு முறையும் குழாய் இறங்கியது. ஒவ்வொரு முறையும் போட்டதற்கு மேல் ஏறியது. மூன்று மணிக்கு எண்ணூற்றுநாற்பது.

ஆயிரத்து நானூறில் சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால் பின்தளத்தின் வடிதுளைகள் வழியாகக் கடல் உள்ளே வரும். படகை விற்றவன் சொன்னதல்ல, அவரே கணக்கிட்டுப் போட்ட கோடு. அவர் கோடு தப்பியதே இல்லை.

அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள். துறைமுக அலுவலகத்தில் இருந்தவன் உடனே பேசினான்.

"படகு தாழுதுங்க," என்றாள்.

"தண்ணி உள்ள வருதாம்மா?"

"இல்ல."

"எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது. மெதுவாத்தான் போகுது."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

அவள் மங்கிய ஜன்னல்களைப் பார்த்தாள். "ரெண்டு."

"லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு மெதுவா வாங்கம்மா. இந்தப் பனியில நான் யாரையும் அனுப்ப முடியாது. விலகட்டும், ஆள் வரும்."

"எப்ப விலகும்?"

"அது நம்ம கையிலயா இருக்கு?" என்றான். கெட்டவன் இல்லை. அவன் குரலில் இரக்கம்கூட இருந்தது. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டு ஜாக்கெட்டையும் எடுத்து வந்தாள். அவர் கொக்கியை அவளே மாட்டிவிட்டாள். மாட்டும்போது படகு திரும்பியது. எப்போதும் திரும்பும்போது ஒருபக்கம் சாயும், பாத்திரம் உருளும், அவள் கதவைப் பிடிப்பாள். இப்போது சாயவில்லை. நிரம்பிய வண்டி எப்படித் திரும்புமோ அப்படித் திரும்பியது, அழுத்தமாக, தாமதமாக. தரைப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகின, இடமிருந்து வலமாக. கால் மாற்றி நின்றதுபோல.

அவளுக்குப் புரிந்தது.

"நிறுத்துங்க," என்றாள். "இனிமே எதையும் தூக்கிப் போடாதீங்க."

"ஏன்?"

"நாம இடம் பண்ணிக் குடுத்துட்டிருக்கோம்."

பைத்தியமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை இருக்கும்?" என்று அவள் கேட்டாள்.

"எறிஞ்சதையும் சேத்து, தலைக்கு அறுபது வெச்சா இருபது." மனக்கணக்குப் போடும் இடைவெளிகூட இல்லை. அவர் அதை எப்போதோ போட்டு வைத்திருந்தார்.

"நேத்து நான்தாங்க கூப்பிட்டேன்."

"தெரியும்," என்றார். பிறகு அவள் தோளில் கை வைத்தார். "விளையாட்டுக்குச் சொன்னது. யாருக்குத் தெரியும், அதுக்குன்னு காத்துக்கிட்டிருப்பாங்கன்னு? ரெண்டு நாள். பேசாம ஓட்டிருவோம். உன்னைக் கொண்டுபோய்ப் பொண்ணு கையில ஒப்படைச்சுட்டா போதும்."

"என்னை மட்டும் எதுக்கு ஒப்படைக்கறீங்க? ரெண்டு பேரும்தான்."

"சரி. ரெண்டு பேரும்."

எதையும் எறியாமல் ஒரு மணி நேரம் ஓடினார்கள். குழாய் எண்ணூற்றுநாற்பதிலேயே நின்றது. முடியும்போல் இருந்தது. அவள் அறைக்குள் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, முதுகை உள்பக்கம் காட்டாமல், ஒரு கண்ணைக் குழாயிலும் ஒரு கண்ணை அவர் பின்னந்தலையிலும் வைத்திருந்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது. துறைமுகத்தான் விசாரித்தான். பதில் சொல்ல அவள் உள்ளே திரும்பி நின்றது இரண்டு நிமிடம் இருக்கும். முன்தளத்தில் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. நீளமாக, முடிவில்லாமல். பிறகு ஒரு முழுக்கு.

ஓடினாள். அவர் முன்முனையில், கருவிப் பெட்டியோடு போகாமல் மிச்சமிருந்த ரம்பத்தோடு நின்றிருந்தார். நங்கூரம் போயிருந்தது. சங்கிலியும்.

"நூத்தியெண்பது கிலோ," என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓவர்லோடு. எப்படி விடறது? எப்படி விடறது சொல்லு. முப்பத்தோரு வருஷம் ஒரு வண்டிய நான் விட்டதில்ல."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. படகு ஏற்கெனவே தாழத் தொடங்கியிருந்தது, அவள் உள்ளங்கால் அதை உணர்ந்தது. பின்பக்கம் ஏணி இருந்த இடத்தில் இரும்பு உரசும் சத்தம். நேற்றே மேலே இழுத்து மடித்துக் கட்டிய ஏணி. அது இப்போதும் கட்டித்தான் இருந்தது. ஆனாலும் சத்தம் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

தொள்ளாயிரம். ஆயிரத்துநூறு.

அவர் ஸ்டியரிங்குக்குப் போய் உட்கார்ந்தார். எஞ்சினை முழு வேகத்தில் தள்ளினார். படகு நகர்ந்தது என்று சொல்ல முடியாது. தண்ணீர் பக்கப்பலகையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, கனமாக, மினுமினுப்பில்லாமல் கிடந்தது.

ஆயிரத்து முந்நூற்றுப்பத்து.

அவள் அறை வாசலில் நின்றாள். உள்ளே யாரும் இல்லை. மெத்தை இல்லாத கட்டில் பலகை, அடுப்பு இருந்த இடத்தில் நான்கு துளை, மங்கிய ஆறு ஜன்னல். முகத்தில் வெப்பம் அடித்தது. ஆள் சூடு. ஒரே ஒரு யோசனைதான் மிச்சமிருந்தது. ஏற்றியது அவள் குரல் என்றால் இறக்குவதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தொண்டையைச் செருமினாள்.

"வண்டி இதோட சரி. மேல போகாது. எல்லாரும் இறங்குங்க."

நெடி அசைந்தது.

"காதுல விழலையா? ஒருத்தர் விடாம இறங்குங்க. இறங்குங்க, இறங்குங்க."

குரல் நடுங்கவில்லை. எந்த முரடனும் அந்தக் குரலுக்கு இறங்கியிருக்கிறான். குழாயைப் பார்த்தாள். தண்ணீர் விளிம்பு துடித்தது. இறங்கியது. ஒரு கோடு. இன்னும் கொஞ்சம்.

நின்றது.

ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது.

"இறங்குதுங்க," என்று கத்தினாள். "என்னங்க, இறங்குது, பாருங்க." எழுபத்தொன்று குறைந்திருக்கிறது. ஒருத்தர் இறங்கியிருக்கிறார். ஒருத்தர் இறங்கினால் மற்றவர்களும்.

எழுபத்தொன்று.

அந்த எண் அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமைதோறும் அவர் எடைக் கருவியில் ஏறி நின்று உரக்கச் சொல்லும் எண்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கை காலியாக இருந்தது. எஞ்சின் நிறுத்தப்பட்டிருந்தது, பதறாமல், சாவி கழற்றி வைத்து. ஜாக்கெட் இருக்கை முதுகில் மாட்டியிருந்தது. பின்தளத்தில் ஏணியின் கட்டு அவிழ்ந்து, ஏணி தண்ணீருக்குள் தொங்கியது.

"என்னங்க."

வெள்ளை.

"என்னங்க."

"இங்கதான் இருக்கேன்." குரல் வலப்பக்கமிருந்து வந்தது. கிட்டத்தில்தான். "நான் எதுக்கு இறங்கினேன்?"

அவள் குரல் வந்த பக்கம் விளிம்பில் சாய்ந்து பார்த்தாள்.

"நீ இறங்கச் சொன்ன," என்றார் அவர். குற்றம் சொல்லும் குரல் இல்லை. யோசிக்கும் குரல். "எல்லாரும்னு சொன்ன. தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கு. ஏறட்டுமா?"

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டாள். ஒருமுறை சொன்னதற்கு இத்தனை பேர். கயிற்றைத் தேடி எடுத்து, குரல் வந்த திசையில் வீசினாள். பிடி விழுந்தது. இழுத்தாள். எழுபத்தொரு கிலோ மனிதர் தண்ணீரில் மிதந்தால் ஒரு கையால் இழுக்கலாம். கயிறு அசையவில்லை. கால் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். அதைப் பிடித்திருந்தது ஒரு கை இல்லை. கயிறு அவள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போனது. நுனியும் போனது.

"ஏறட்டுமா?" மெலிந்திருந்தது குரல். "கால் மரத்துப் போச்சு. நீ சொன்னாத்தான் ஏற முடியும்போல இருக்கு."

சொல்லாவிட்டால் அவர் அங்கேயே. சொன்னால் எல்லாரும். நூற்றறுபது கிலோ மிச்சமிருக்கிறது சிவப்புக் கோட்டுக்கு. இரண்டு பேர். அதில் ஒருவராக அவர் இருந்துவிட்டால். முதல் ஆளாக இருந்துவிட்டால்.

அவள் குனிந்தாள். அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, இரவில் போர்வைக்குள் பேசுவதுபோல, சொன்னாள்.

"நீங்க மட்டும் ஏறுங்க."

ஏணி முனகியது.

கையை நீட்டினாள். ஏணிக்கு நான்கே படி. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கை வெறுங்கையாகவே நின்றது. ஐந்து. ஆறு. ஏழாவது முனகலில் அவள் மார்பில் ஏதோ அழுந்தியது. பின்னால் நகர்ந்தாள். முதுகிலும் அழுந்தியது. தோளில், விலாவில், முழங்கையில். ஏணி இரண்டடி தூரம். கால் எடுத்து வைக்க இடமில்லை. பின்தளம் காலியாக இருந்தது, அவள் கண்ணுக்கு ஒரு பலகை விடாமல் தெரிந்தது, அவளால் அசைய முடியவில்லை. கடல் வடிதுளைகளில் எட்டிப் பார்த்தது. உள்ளே வந்தது. பாதம் நனைந்தது. படகு ஒருபக்கம் சரிந்தது. அவள் விழவில்லை. விழ விடவில்லை.

ஏணிக்கு நேரே பனி கொஞ்சம் விலகியது.

அவர் தெரிந்தார். ஏழெட்டு அடி தள்ளி, கழுத்தளவு தண்ணீரில். அங்கே முப்பது ஆள் ஆழம். அவர் நீந்தவில்லை. நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. தனக்கு முன்னால் இருக்கும் எதன்மேலும் மூக்கு இடிக்காதபடி முகத்தைச் சற்றுத் திருப்பி, பொறுமையாக, ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு முன்னால் தண்ணீர் குழிந்திருந்தது. ஒரு கழுத்து அளவுக்கு ஒரு குழி. அதற்கு முன்னால் ஒன்று. அவருக்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, பக்கத்தில், அதற்கும் பக்கத்தில். பனி விலக விலக, கண் போகும் தூரம்வரை, அசையாத கடலில் குழி குழியாக.

ஏணி முனகியது.

எல்லாக் குழிகளும் ஓரடி முன்னால் வந்தன. அவரும் வந்தார்.